உற்சவ மூர்த்தியை எந்த உயரத்தில் வைப்பது?

தஞ்சை அரண்மனைக் கலைக்கூடத்தில், திருவெண்காட்டு மண்ணிலிருந்து வெளிப்பட்ட ரிஷபவாகன மூர்த்தியின் செப்புத் திருமேனி ஒன்று நிற்கிறது. இராஜராஜன் காலத்தில், 1011-ஆம் ஆண்டில் எழுந்தருளுவிக்கப்பட்டதென்று கோயில் கல்வெட்டைக் கொண்டு அறிஞர்கள் நிர்ணயித்திருக்கும் அந்த மூர்த்தி, சடையையே தலைப்பாகையாகச் சுற்றி, இடையைச் சற்றே ஒசித்து, ஒரு கையை அருகில் நிற்கும் காளையின்மீது ஊன்றிய பாவனையில் வார்க்கப்பட்டது. காளை இப்போது இல்லை. எந்தக் காலத்திலோ பிரிந்து மறைந்துவிட்டது. ஆயினும் அந்தக் கையின் வளைவும், விரல்களின் தளர்ச்சியும், உடலின் பாரம் ஒருபுறமாக இறங்கியிருக்கும் நயமும் சேர்ந்து, இல்லாத அந்தக் காளையை நம் கண்முன்னே கொண்டுவந்து நிறுத்திவிடுகின்றன. ஆகவே அந்த விக்கிரகத்தை ஒரு கூடத்தில் வைக்க முற்படுகிறவர், செம்பால் ஆன பகுதியை மட்டும் அளந்து, அதற்குரிய பீடத்தையும் கண்ணாடிப் பேழையையும் செய்துவிட்டால் தம் காரியம் முடிந்ததென்று எண்ணலாகாது. அந்தக் கைக்குக் கீழே உள்ள வெற்றிடமும் விக்கிரகத்தின் அங்கமே என்பதை உணர்ந்து, அங்கே வேறொரு பொருளோ, பேழையின் விளிம்போ, பெயர்ப்பலகையோ நுழைந்துவிடாமல் காக்க வேண்டும். காட்சி அமைப்பு என்னும் கலை இத்தகைய உணர்விலிருந்துதான் பிறக்கிறது.

இக்கலையைப் பற்றி நம்மிடையே பரவலாக உள்ள எண்ணமோ இதற்கு வெகு தூரத்தில் நிற்கிறது. ஓர் அருங்காட்சியகம் எழுப்புவதென்று தீர்மானமாயிற்றென்றால், முதலில் கட்டடம் எழுகிறது, தரை போடப்படுகிறது, குளிர்சாதனக் குழாய்கள் ஓடுகின்றன, திறப்பு விழாவின் தேதியும் குறிக்கப்பட்டுவிடுகிறது. அதற்குப் பின்னரே பேழைகளும் விளக்குகளும் திரைகளும் பலகைகளும், சதுர அடிக்கு இத்தனை ரூபாய் என்ற கணக்கில், ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் ஒப்படைக்கப்படுகின்றன. பொருள்களை அறிந்த தொல்லியலாளர் ஒருபுறமும், மரமும் கண்ணாடியும் அறிந்த ஒப்பந்தக்காரர் மறுபுறமும் நிற்க, இவ்விருவருக்கும் நடுவே நின்று, வரப்போகும் மனிதரின் கண்ணையும் காலையும் களைப்பையும் நினைத்துப் பார்க்க வேண்டிய மூன்றாமவர் பெரும்பாலும் அழைக்கப்படுவதே இல்லை. அழைக்கப்பட்டாலும், எல்லாம் முடிவான பிறகு, சுவருக்கு என்ன வர்ணம் என்று சொல்வதற்காக அழைக்கப்படுகிறார். கட்டடத்தின் முதல் கோடு வரையப்படும் நாளிலேயே அவர் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பதே நான் வற்புறுத்த விரும்பும் விஷயம். புதிய அருங்காட்சியகங்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்துவரும் இந்தக் காலத்தில் இதைச் சொல்லாமல் விட்டால், இன்னும் ஐம்பது ஆண்டுகளுக்குத் திருத்த முடியாத காரியங்கள் சிமெண்டில் உறைந்துவிடும்.

காட்டும் கலை தமிழருக்குப் புதியதன்று. நம் பெருங்கோயில் ஒன்றினுள் நுழைந்து செல்லும் வழியைச் சிந்தித்துப் பாருங்கள். வெயில் கொளுத்தும் வீதியிலிருந்து கோபுர வாயிலின் நிழலுக்குள் புகுந்து, மீண்டும் வெளிப் பிராகாரத்தின் வெளிச்சத்தைக் கண்டு, பின்னர் தூண்கள் அடர்ந்த மண்டபத்தின் மங்கலில் கண்ணைப் பழக்கிக்கொண்டு, படிப்படியாகக் கூரை தாழவும் வழி குறுகவும் இருள் கனக்கவும் நடந்து, முடிவில் ஒற்றை விளக்கின் சுடரில் மூலவரைத் தரிசிக்கிறோம். அந்த இருள் தற்செயலாக வந்ததன்று. கண்மணி விரிவதற்கு வேண்டிய அவகாசத்தை நடையின் தூரத்தாலேயே அளந்து கொடுத்திருக்கிறார்கள். அப்புறம் தீபாராதனை. அர்ச்சகர் கையிலுள்ள தட்டு பாதத்தில் தொடங்கி, மெல்ல மேலேறி, திருமுகத்தில் சற்று நின்று, மறுபடியும் இறங்குகிறது. எதை முதலில் காண்பது, எதில் நிற்பது, எதை மறுபடி காண்பது என்பதை அந்தச் சுடரே நமக்குக் கற்றுக் கொடுக்கிறது. இன்றைய காட்சிக் கூடங்களில் உத்தரத்தில் முடுக்கிவிட்ட விளக்குகள் ஓர் உருவத்தின்மீது ஒரே நிலையில் ஒரே பிரகாசத்தைக் கொட்டிக்கொண்டிருப்பதைக் காணும்போதெல்லாம், நம் முன்னோர் அறிந்திருந்த இந்தச் சூட்சுமம் எப்படி நம் கையை விட்டு நழுவிற்று என்ற வருத்தம் எனக்கு உண்டாகிறது.

இனி, உற்சவ மூர்த்தியின் விஷயத்துக்கு வருகிறேன். சோழர் காலத்துச் செப்புத் திருமேனிகளிற் பெரும்பாலானவை வீதியுலாவுக்காக வார்க்கப்பட்டவை. அவற்றின் பீடங்களில் உள்ள துளைகளும் வளையங்களும் தண்டுகளில் பிணைப்பதற்கென்று அமைந்தவை. ஸ்ரீபாதந்தாங்கிகளின் தோள்மீது, ஜனத்திரளின் தலைகளுக்கு மேலே, தீவட்டியின் ஆடும் ஒளியில், பட்டும் பூவும் ஆபரணமும் மூடிய கோலத்தில், நிமிர்ந்து பார்க்கும் கண்களுக்கு முன்னே அசைந்து அசைந்து வந்த உருவங்கள் அவை. அவற்றையே நாம் இன்று, ஆடையும் மாலையும் நீக்கி, அசையாத பீடத்தில், மார்பளவு உயரத்தில், வெண்மையான மின்னொளியில் பார்க்கிறோம். இதனால் ஸ்தபதியின் கைவண்ணம் முழுவதும், முதுகின் தசைநயமும் இடையணியின் நுணுக்கமும் உட்பட, கோயிலில் ஒருநாளும் காணக் கிடைக்காத விதத்தில் நமக்குக் கிடைக்கிறது; அதே வேளையில், அந்த உருவம் எதற்காகப் பிறந்ததோ அந்த வாழ்வு முற்றிலும் மறைந்து போகிறது. இரண்டும் உண்மை. அருங்காட்சியகம் கோயிலாக வேண்டுமென்று நான் சொல்லவில்லை. ஆனால் பீடத்தின் உயரத்தைத் தச்சரின் வசதிக்கு விட்டுவிடாமல், இவ்விரு உண்மைகளையும் எண்ணிப் பார்த்து நிர்ணயிக்கும் ஒருவர் வேண்டும் என்கிறேன். அவர் சுவாமிமலை ஸ்தபதியிடமும் போய்க் கேட்கட்டும். பல்லக்குச் சுமந்து பழகிய தோள்களை உடையவரிடமும் போய்க் கேட்கட்டும். மூர்த்தியின் முகம் எந்தக் கோணத்தில் உயிர்பெறுகிறது என்பதை அவர்கள் எந்த நூலிலும் எழுதப்படாத அறிவாக வைத்திருக்கிறார்கள்.

இதே சிக்கலை ஐரோப்பாவில் ஒருவர் எவ்வாறு தீர்த்தார் என்பது நாம் அறிந்துகொள்ளத் தக்கது. இத்தாலியின் வெரோனா நகரத்தில் காஸ்தெல்வெக்கியோ என்ற பழைய கோட்டையை அருங்காட்சியகமாகப் புதுப்பிக்கும் பணி கார்லோ ஸ்கார்ப்பா என்ற கட்டடக் கலைஞரிடம் வந்தது. 1964-இல் அது மக்களுக்காகத் திறக்கப்பட்டது. அந்நகரை ஆண்ட கான்கிராந்தே என்னும் பதினான்காம் நூற்றாண்டுப் பிரபு குதிரைமேல் அமர்ந்திருக்கும் கற்சிலை ஒன்று அங்கே உண்டு. ஒரு மாதா கோயிலை ஒட்டிய கல்லறையின் உச்சியில், தரையில் நிற்பவர் அண்ணாந்து பார்க்கும்படி இருந்த சிலை அது. கூடத்துக்கு நடுவே அதை இறக்கி வைத்திருந்தால், பிரபுவின் முகத்தில் தெரியும் விசித்திரமான சிரிப்பையும் போர்வையின் மடிப்பையும் அருகில் கண்டிருக்கலாம், ஆனால் சிலையின் கம்பீரம் குன்றிப் போயிருக்கும். உயரத்திலேயே நிறுத்தியிருந்தால் கம்பீரம் நிலைக்கும், நுணுக்கம் எட்டாது. ஸ்கார்ப்பா கோட்டையின் இரு பகுதிகள் பிரியும் இடத்தில், சுவர்களைத் திறந்துவிட்டு, வானத்தை நோக்கி நீண்ட ஒரு கான்கிரீட் மேடையின்மேல் அச்சிலையை ஏற்றி வைத்தார். முற்றத்தில் நிற்பவர் அதைக் கீழிருந்து அண்ணாந்து காண்கிறார். கூடங்களை ஒவ்வொன்றாகக் கடந்து செல்கிறவர் இடையிடையே அதைப் பக்கவாட்டில் எதிர்கொள்கிறார். மேல்தளத்துப் பாலத்தின் வழியாக வருகிறவர் அதன் அருகிலேயே போய் நின்றுவிடுகிறார். ஒரே சிலை, ஒரே வருகையில், தூரத்துத் தலைவனாகவும் அருகிலுள்ள சிற்பமாகவும் இருமுறை கிடைக்கிறது. இதற்காக அவர் கோட்டையின் ஒரு பகுதியையே மாற்றி அமைக்க வேண்டியிருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். கட்டடம் முடிந்தபின் அழைக்கப்படும் காட்சி அமைப்பாளருக்கு இத்தகைய சாத்தியம் ஒருகாலும் வாய்க்காது.

நம் சென்னை அருங்காட்சியகம் 1851-இல் தோன்றியது. லண்டனில் பளிங்கு மாளிகையில் உலகப் பொருட்காட்சி நடந்து, அறுபது லட்சத்துக்கு மேற்பட்ட வருகையாளரை ஈர்த்த அதே ஆண்டு. அந்தக் காலத்துச் சென்னை ஜனங்கள் அருங்காட்சியகத்தைச் செத்த காலேஜ் என்றும், மிருகக் காட்சிசாலையை உயிர் காலேஜ் என்றும் வழங்கினார்கள். இரண்டையும் கல்வி தரும் இடமாகவே அவர்கள் கருதியது எனக்கு மகிழ்ச்சி தருகிறது. எழும்பூரில் உள்ள அந்த அருங்காட்சியகத்தின் செல்வங்களுள் அமராவதிச் சிற்பங்கள் தலையாயவை. கிருஷ்ணா நதிக்கரையில் வட்ட வடிவமான பெருந்தூபியைச் சுற்றி நின்ற வேலியும் பலகைகளும் அவை. பக்தர்கள் அவற்றை வலம்வந்து, அடியெடுத்து வைக்கும்போதே ஒவ்வொரு கதையாகக் கண்டார்கள். முற்காலத்தில் அவற்றை எழும்பூருக்குக் கொண்டுவந்தவர்கள் கூடத்தின் சுவரோடு சேர்த்துப் பதித்து வைத்தார்கள். பாதுகாப்புக்காகவே அவ்வாறு செய்தார்கள் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் வட்டம் நேர்கோடாயிற்று, பிரதட்சிணம் அணிவகுப்பாயிற்று, பலகையின் பின்புறம் என்றென்றைக்கும் மறைந்தது, சுண்ணாம்புக் கல்லைச் சாந்தோடு பிணைத்ததால், ஈரமும் உப்பும் கல்லுக்குள் ஊடுருவ வழியும் ஏற்பட்டது. ஒரு தலைமுறையின் காட்சி அமைப்பு அடுத்த தலைமுறைகளுக்கு எவ்வளவு பெரிய பாரமாகிவிடுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. பதித்ததைப் பெயர்ப்பது, பதிப்பதைவிடப் பன்மடங்கு கடினமான காரியம். எனவே, எதையும் திரும்ப எடுக்க முடியாதபடி நிலைநாட்டாதே என்பது இத்தொழிலில் முதல் விதியாக இருக்க வேண்டும்.

பழம்பொருளே இல்லாத இடத்திலும் இக்கலை என்ன செய்ய வல்லது என்பதற்கு நம் நாட்டிலேயே ஓர் உதாரணம் உண்டு. அமெரிக்க வடிவமைப்பாளரான சார்லஸ் ஈம்ஸும் அவர் மனைவி ரே ஈம்ஸும், அரசாங்கத்தின் அழைப்பின்பேரில் இந்தியாவைச் சுற்றிப் பார்த்து, 1958-இல் ஓர் அறிக்கை அளித்தனர். நம் வீடுகளில் உள்ள சாதாரணச் செம்பின் வடிவத்தைப் பற்றி, அது இடுப்பில் எப்படி அமைகிறது, நீரை ஊற்றும்போது பாரம் எப்படி மாறுகிறது என்றெல்லாம் அவ்வளவு பக்தியோடு ஆராய்ந்த ஆவணம் அது. அதன் விளைவாக 1961-இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் உருவாயிற்று. 1964 மே மாதத்தில் நேரு மறைந்தபோது, அவருடைய வாழ்க்கையைப் பற்றிய கண்காட்சி ஒன்றைத் தயாரிக்கும் பொறுப்பை ஈம்ஸ் தம்பதியரும், தஷ்ரத் பட்டேல் முதலிய அகமதாபாத் கலைஞரும் மாணவரும் சேர்ந்து ஏற்றனர். 1965 ஜனவரியில் அது நியூயார்க்கில் திறக்கப்பட்டு, பின்னர் வேறு நகரங்களுக்கும் சென்றது. பெரும்பாலும் நேருவின் சொற்களாலேயே அதன் உரை அமைந்தது. அவரை அறியாத அந்நிய நாட்டு மக்கள், புகைப்படங்களும் எழுத்துகளும் துணிகளும் கைவினைப் பொருள்களும் நிறைந்த வழியில் நடந்து, ஒரு மனிதரின் வாழ்க்கையோடு ஒரு தேசத்தின் வாழ்க்கையையும் சேர்த்து அறிந்தார்கள். அதைச் செய்த இளைஞர்களில் பலர் மாணவர்கள். கற்றவர்களும் கைத்தொழில் அறிந்தவர்களும் தொடக்கம் முதல் ஒரே கூடத்தில் உட்கார்ந்து வேலை செய்ததால் வந்த பலன் அது. அந்நிறுவனத்தில் காட்சி அமைப்பு தனிப் படிப்பாகவே இன்றும் கற்பிக்கப்படுகிறது. கற்று வெளிவருகிறவர்களில் கணிசமானோர், அருங்காட்சியகங்களில் இடமில்லாமையால், வணிகக் கடைகளின் முகப்பை அலங்கரிக்கப் போய்விடுகிறார்கள்.

பொருள் தானே பேசும், நடுவே வேறொருவர் எதற்கு என்று கேட்கும் ரசிகர்கள் உண்டு; அவர்களுடைய அபிப்பிராயத்தை நான் மதிக்கிறேன். ஆயினும் வெண்சுவரும் மௌனமும் கூட ஒருவகை அமைப்பே என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். பிரேசில் நாட்டுச் சாவோ பாவ்லோ நகரின் கலை அருங்காட்சியகம் 1968-இல் புதிய கட்டடத்துக்கு மாறியபோது, அதை வகுத்த லீனா போ பார்தி என்ற அம்மையார் ஓவியங்களைச் சுவரிலேயே மாட்டவில்லை. கான்கிரீட் கட்டிகளில் ஊன்றிய கண்ணாடித் தகடுகளில் அவற்றைப் பொருத்தி, தடுப்பே இல்லாத பெரிய கூடத்தில் நிறுத்தினார்; ஓவியர் பெயரும் விவரமும் கண்ணாடியின் பின்புறம் இருந்தன. முதலில் ஓவியத்தைப் பார், புகழ்பெற்ற பெயரைப் பிறகு தெரிந்துகொள் என்பது அவர் கருத்து. காலவரிசையும் இல்லை, தேசவாரியான பிரிவும் இல்லை. 1996-இல் நிர்வாகத்தினர் அந்தக் கண்ணாடிகளை அகற்றி வழக்கமான சுவர்களைக் கொண்டுவந்தனர். 2015-இல் மீண்டும் அவை திரும்பி வந்தன. ஓவியங்கள் மாறவில்லை, ஆனால் அவற்றை எப்படி நிறுத்துவதென்பதில் இருபதாண்டு இடைவெளியில் ஒரு ஸ்தாபனம் இருமுறை மனம் மாறியது. ஒவ்வோர் அமைப்பும் ஒரு கட்சியை எடுத்துக்கொண்டு வாதாடுகிறது. வாதாடுகிறவர் யார் என்பதை மறைப்பதைக் காட்டிலும், அவரைத் தேர்ந்தெடுத்து, அவரிடம் காரணம் கேட்பது நேர்மையான வழி.

இனி, அகழாய்வால் பேர்பெற்ற கீழடிக்கு வருவோம். 2023 மார்ச் 5-ஆம் தேதி திறக்கப்பட்ட அந்த அருங்காட்சியகம் செட்டிநாட்டுக் கட்டடப் பாணியில், முற்றமும் தாழ்வாரமும் கொண்டு எழுந்திருக்கிறது. வேளாண்மை, கலம் வனைதல், நெசவு, கடல் வாணிபம், அன்றாட வாழ்வு என்று பொருள்வாரியாகக் கூடங்கள் பிரிந்துள்ளன. திறந்த நாள் முதல் மக்கள் அங்கே திரளாகச் சென்றுவருவது தமிழர் தம் பழமையின்மீது கொண்டுள்ள வேட்கைக்கு அத்தாட்சி. இந்த வேட்கைக்கு உரிய மரியாதையைச் செய்ய வேண்டுமானால், மிகச் சிறிய பொருள்களிடத்தில் மிகப் பெரிய சிரத்தை காட்ட வேண்டும். கீழடியின் பெருஞ்செல்வம் பொன்னோ சிலையோ அன்று, பானை ஓடுகள். ஆதன் என்றும் குவிரன் என்றும் சாதாரண மனிதர் தம் பெயரைச் சுட்ட கலத்தின்மீது கீறிவைத்த ஓடுகள். அந்தக் கீறல்களை நேர் மேலேயிருந்து விழும் ஒளியில் பார்த்தால் வெறும் சிராய்ப்பாகத் தோன்றும். ஓட்டின் தளத்தை உராய்ந்து செல்வதுபோல் ஒருபக்கத்திலிருந்து சாய்வாக ஒளியை விடுவித்தால், ஒவ்வொரு கோட்டிலும் நிழல் விழுந்து எழுத்து எழுந்து நிற்கும். விளக்கை ஒரு சாண் நகர்த்துவதில், கல்வியறிவு பரவியிருந்த ஒரு சமூகம் கண்ணுக்குத் தெரிவதும் தெரியாமற்போவதும் அடங்கியிருக்கிறது.

காலக் கணிப்பும் அப்படியே. 353 சென்டிமீட்டர் ஆழத்தில் கிடைத்த மாதிரி ஒன்று கி.மு. 580-ஆம் ஆண்டைச் சேர்ந்தது என்ற முடிவு 2019-இல் வெளியான அறிக்கையில் இடம்பெற்று, நாடெங்கும் விவாதத்தை எழுப்பியது. அந்த விவாதம் இன்றும் ஓயவில்லை. இத்தகைய விஷயத்தில் பொதுமக்களுக்கு ஆண்டு எண்ணை மட்டும் பெரிய எழுத்தில் எழுதிக் காட்டினால் அவர்கள் நம்பவோ மறுக்கவோ செய்வார்களேயன்றி, சிந்திக்க மாட்டார்கள். 353 சென்டிமீட்டர் என்பது ஓர் ஆள் உயரத்தைப் போல் ஏறத்தாழ இருமடங்கு ஆழம். அந்த ஆழத்தை உள்ளபடியே வெட்டிக் காட்டிய ஒரு மண்சுவரின் அருகே சிறுவனை நிறுத்தி, எந்த அடுக்கில் எந்த ஓடு கிடைத்தது, கரித்துண்டு எங்கே இருந்தது, அதிலிருந்து ஆய்வுக்கூடம் எதை அளந்தது, எதை அளக்க இயலாது என்பதை அவன் உயரத்தோடு ஒப்பிட்டுக் காணும்படி செய்தால், அவன் வீட்டுக்குத் திரும்பும்போது ஒரு முடிவை மட்டுமின்றி, முடிவுக்கு வரும் முறையையும் எடுத்துக்கொண்டு போவான். எப்படித் தெரிந்துகொண்டோம் என்பதைக் காட்டுவது தொல்லியல் காட்சி அமைப்பின் தலையாய கடமை என்பது என் உறுதியான கருத்து. எதிர்வாதம் செய்வோர்க்கும் அதைவிடக் கண்ணியமான பதில் வேறில்லை.

திரைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். அசையும் படங்களும், தொட்டால் விரியும் பலகைகளும், கண்ணில் மாட்டிக்கொள்ளும் கருவிகளும் இப்போது எல்லாத் திட்ட அறிக்கைகளிலும் முதலிடம் பெறுகின்றன. அவற்றை நான் வெறுக்கவில்லை. மறைந்துபோன காளையையும், கலைந்துபோன தூபியின் வட்டத்தையும் அவற்றால் அழகாக மீட்டுக் காட்ட முடியும். ஆனால் திரையின் ஒளி கண்ணை இழுக்கும் வேகத்தோடு பானை ஓடு போட்டியிட முடியாது. இரண்டையும் ஒரே பார்வைவட்டத்தில் வைத்தால் ஓடு தோற்றுப்போகும். இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகள் மண்ணில் காத்திருந்த பொருளுக்கு அந்தத் தோல்வியை நாம் தேடித் தரலாகாது. மேலும், பழுதான திரையைப் போல் ஒரு கூடத்தைப் பாழாக்கும் பொருள் வேறில்லை. திறப்பு விழாவுக்குப் பணம் ஒதுக்குகிறவர்கள், மூன்றாம் ஆண்டில் அந்தத் திரை அணைந்து கிடக்கும்போது யார் மாற்றுவது என்பதற்கும் ஒதுக்க வேண்டும்.

ஒளிக்கும் ஓர் எல்லை உண்டு. கல்லும் உலோகமும் ஒளியைத் தாங்கும். துணியும் காகிதமும் ஓலைச்சுவடியும் தாங்கா. அவற்றுக்கு 50 லக்ஸ் அளவுக்கு மேற்பட்ட ஒளி ஆகாதென்பது உலகத்து அருங்காட்சியகங்களில் பொதுவாக அனுசரிக்கப்படும் நியதி. மதுரையில் ராணி மங்கம்மாளின் அரண்மனையில் 1959-இல் அமைந்த காந்தி அருங்காட்சியகத்தில், மகாத்மா சுடப்பட்டபோது உடுத்தியிருந்த, உதிரம் படிந்த ஆடையின் ஒரு பகுதி வைக்கப்பட்டிருக்கிறது. அதைக் காண வருகிறவர்களுக்கு நல்ல வெளிச்சம் வேண்டும். அது வருங்காலத்தவருக்கும் இருக்க வேண்டுமானால் வெளிச்சம் குறைய வேண்டும். இந்த முரண்பாட்டைத் தீர்ப்பதற்கு வழி, பேழையில் ஒளியைக் கூட்டுவதன்று. அங்கே வந்து சேரும் வழியைப் படிப்படியாக மங்கலாக்கி, கண்ணைப் பழக்குவது. நான் மேலே சொன்ன கோயில் மண்டபத்தின் உபாயம் இங்கே அப்படியே பயன்படுகிறது.

பலகைகளில் எழுதப்படும் தமிழைப் பற்றி எனக்கு ஆதங்கம் அதிகம். பெரும்பாலான இடங்களில் விளக்கம் ஆங்கிலத்தில் எழுதப்பட்டு, பிறகு அவசரமாகத் தமிழாக்கப்படுகிறது. பலகையின் அளவும் ஆங்கிலத்துக்கென்றே வகுக்கப்படுகிறது. தமிழ்ச் சொற்கள் நீளமானவை. மேலும் கீழும் சுழிக்கும் குறிகள் உடையவை. வரிகளுக்கிடையே அதிக இடம் கேட்பவை. குறித்த கட்டத்துக்குள் அடைக்க வேண்டுமென்பதற்காக எழுத்தைச் சிறுத்துவிடுகிறார்கள். ஆக, எவருக்காக அந்தக் கூடம் கட்டப்பட்டதோ அந்தக் கிராமத்துப் பெரியவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மாட்டிக் கழற்றி மாட்டிப் பார்த்துவிட்டு, படிக்காமலே நகர்ந்து போகிறார். தமிழை முதலில் எழுதி, தமிழுக்கென்று பலகையை அளந்து, நல்ல உரைநடை எழுதத் தெரிந்த ஒருவரைக் கொண்டு அதைச் செப்பம் செய்வது பெரிய செலவன்று. சொல்லப்படும் விஷயமும் சுருங்க வேண்டும். பந்தியில் உட்கார்ந்தவரின் இலையில் எல்லாப் பதார்த்தங்களையும் ஒரே நேரத்தில் கொட்டுவது உபசாரம் ஆகாது. முதலில் இரண்டு வரி, விரும்பி நிற்பவருக்கு மேலும் சில வரி, ஆய்வாளருக்குத் தனி ஏடு என்று வரிசைப்படுத்த வேண்டும். சக்கர நாற்காலியில் வருகிறவரும் எட்டாம் வகுப்புச் சிறுமியும் படிக்கக்கூடிய உயரத்தில் அதை வைக்க வேண்டும்.

இவ்வளவுக்கும் பணம் எங்கே என்ற கேள்வி நியாயமானது. நான் கூறியவற்றில் பலவும் பணத்தைக் காட்டிலும் காலத்தையே கேட்கின்றன. குறைந்த விலை கேட்பவருக்கே வேலை என்ற நியதி, சிமெண்டும் இரும்பும் வாங்குவதற்குப் பொருந்தலாம். சிந்தனையை வாங்குவதற்குப் பொருந்தாது. காட்சி அமைப்பைக் கட்டட ஒப்பந்தத்திலிருந்து பிரித்து, தகுதியை முதலாவதாகவும் விலையை இரண்டாவதாகவும் கொண்டு தேர்ந்தெடுக்கும் முறையை அரசாங்கம் ஏற்க வேண்டும். எழும்பூரின் அருங்காட்சியகத்திலிருந்து நடந்துபோகும் தூரத்திலேயே, 1850-இல் தோன்றிய ஓவியப் பள்ளியின் வழிவந்த அரசு கவின்கலைக் கல்லூரி இருக்கிறது. ஓராண்டு இடைவெளியில் பிறந்த இவ்விரு ஸ்தாபனங்களும் சேர்ந்து, ஒரு சிறு கூடத்தையேனும் ஆண்டுதோறும் மாணவர் கையில் கொடுத்து, அவர்கள் புதிதாக அமைத்துப் பார்க்கும் வழக்கத்தைத் தொடங்கினால், பத்தாண்டுகளில் நமக்கு வேண்டிய காட்சி அமைப்பாளர்கள் நம்மிடையே இருப்பார்கள். அமைத்தவருடைய பெயரும் கூடத்தின் வாயிலில் எழுதப்பட வேண்டும். திரைப்படத்தின் ஒளிப்பதிவாளரை நாம் பெயரிட்டுப் போற்றுகிறோம்; ஆயிரம் ஆண்டுச் செல்வத்தை நம் கண்ணுக்குக் கொணர்ந்தவரின் பெயர் கணக்கு ஏட்டில் மட்டும் இருப்பது தகாது.

உடனே செய்யக்கூடிய காரியம் ஒன்றும் உண்டு. பேழைகளைக் கண்ணாடியிலும் உருக்கிலும் செய்வதற்கு முன்னால், அதே அளவில் அட்டையாலும் ஒட்டுப்பலகையாலும் செய்து, பலகைகளைச் சாதாரணக் காகிதத்தில் அச்சிட்டு ஒட்டி, இரண்டு வாரம் அந்த ஊர்ப் பள்ளிப் பிள்ளைகளையும், வயல் வேலை முடித்து வரும் பெண்களையும், ஓய்வு பெற்ற ஆசிரியர்களையும் உள்ளே விட வேண்டும். அவர்கள் எங்கே நிற்கிறார்கள், எங்கே நிற்காமல் போகிறார்கள், எந்தச் சொல்லில் தடுக்கி அடுத்தவரைக் கேட்கிறார்கள், குழந்தைகள் எதைக் காண எம்பிக் குதிக்கிறார்கள் என்பதை அமைப்பாளரும் தொல்லியலாளரும் ஒரு மூலையில் உட்கார்ந்து குறித்துக்கொள்ளட்டும். குறித்ததைக் கொண்டு பீடத்தின் உயரத்தையும் எழுத்தின் அளவையும் விளக்கின் சாய்வையும் திருத்திய பிறகே உருக்குக்கும் கண்ணாடிக்கும் ஆணை பிறப்பிக்கட்டும். இனி வெளியாகும் ஒவ்வோர் அருங்காட்சியகத்தின் ஒப்பந்தப் பத்திரத்திலும் இந்த இரண்டு வாரத்துக்கு ஒரு பிரிவு எழுதப்பட வேண்டும். அந்தப் பிரிவு நிறைவேறாத வரையில் திறப்பு விழாவுக்குத் தேதி குறிக்கலாகாது என்ற நிபந்தனையும் அதில் சேர வேண்டும்.